கண்ணீரும் மதிப்பீடும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் ஓர் இலக்கியத்தையோ சமய சித்தாந்தத்தையோ எடுத்துக்கொண்டு பேசுவதே இத்தகைய மேடைகளின் வழக்கமாக இருக்க, நான் திரைப்படத்தை, அதிலும் ரசிகர்கள் கண்ணீர் சொரிந்து பார்ப்பதும் விமர்சகர்கள் பெரும்பாலும் பொருட்படுத்தாது விடுவதுமான ஒரு வகைத் திரைப்படத்தை, எடுத்துக்கொண்டு உங்கள் முன் நிற்கிறேன். இளமையின் உச்சியில் இருக்கும் விளையாட்டு வீராங்கனை ஒருத்தியோ நடனக் கலைஞர் ஒருவரோ விபத்தொன்றில் கண்ணையோ காலையோ இழந்து, இனி வாழ்வே இல்லையென்று ஒடுங்கி, பின்பு காதலின் துணையாலும் ஓயாத பயிற்சியாலும் மறுபடி களமேறி வெல்வதே அவ்வகைக் கதையின் சாரம். இக்கதையைக் காணும் மக்கள் என்ன அபிப்பிராயம் கொள்கிறார்கள், அந்த அபிப்பிராயங்கள் ஏன் இரண்டுபட்டுக் கிடக்கின்றன, அவற்றுள் எது அந்த வீரருக்கு நியாயம் செய்கிறது என்பவையே இன்று என் ஆராய்ச்சிக்குரிய பொருள். இருட்டு மண்டபத்தில் அமர்ந்து ஒரு சமூகம் எதற்காக அழுகிறது, எந்த இடத்தில் அழுகையை நிறுத்திக்கொண்டு எழுந்து போகிறது என்பதைக் கவனித்தால், அச்சமூகம் தன் அண்டைவீட்டில் வாழும் உடற்குறையுடைய மனிதரை எவ்வாறு நடத்தும் என்பதையும் ஒருவாறு அறியலாம் என்று நம்புவதால்தான் இப்பொருளை இவ்வவைக்குத் தகுதியுடையதாகக் கருதினேன்.

இவ்வகைக்கு உலகமறிந்த உதாரணம் 1978-இல் வெளிவந்த 'ஐஸ் காசில்ஸ்' என்னும் அமெரிக்கப் படம். அயோவா மாநிலத்துச் சிற்றூரில் பிறந்த லெக்ஸி என்னும் பெண், பனித்தரைச் சறுக்கு நடனத்தில் இயல்பான திறமையால் விரைவிலேயே பெரும்புகழை நெருங்கும் வேளையில், ஒரு விருந்தின் ஆரவாரத்தினின்று விலகித் தனியே வெளியரங்கின் பனித்தரையில் சுழன்று பாய முற்பட்டு, விழுந்து, தலையில் அடிபட்டு, ஒளியும் மங்கலான நிழலும் மட்டுமே தெரியும் அளவுக்குப் பார்வையை இழந்துவிடுகிறாள். ஊர் திரும்பி அறைக்குள் அடைந்துகிடக்கும் அவளை, தந்தையும், பழைய பயிற்சியாளரான முதிய அம்மையாரும், காதலன் நிக்கும் மறுபடி பனித்தரைக்குக் கொண்டுவருகிறார்கள். கண் காணாத களத்தைக் கால் அறியும்படி, எத்தனை வீச்சில் ஓரம் வரும், எங்கே திரும்பவேண்டும் என்று உடம்புக்கே ஒரு ஞாபகத்தை அவர்கள் கற்பிக்கிறார்கள். இறுதியில் அவள் போட்டியில் ஆடுகிறாள். அவளுக்குப் பார்வை இல்லை என்பதை அறியாத சபை எழுந்து நின்று ஆரவாரித்து, வழக்கப்படி மலர்களைப் பனித்தரையில் வீசுகிறது. அந்த மலர்களில்தான் அவள் கால் இடறி விழுகிறாள். ஒவ்வோர் அடியையும் ஒத்திகை பார்த்தவர்கள் மலர்களை மட்டும் எண்ணிப்பார்க்க மறந்துவிட்டார்கள். நிக் பனித்தரையில் இறங்கி வந்து அவளைத் தாங்கி நிறுத்தும்போதுதான் சபைக்கு உண்மை விளங்குகிறது, கைதட்டல் கண்ணீராகிறது.

டொனால்ட் ரை இயக்கிய இப்படத்தின் கதாநாயகி லின்-ஹாலி ஜான்சன், 1974-இல் அமெரிக்கத் தேசியப் போட்டியின் 'நாவிஸ்' என்னும் தொடக்கநிலைப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்ற உண்மையான சறுக்கு வீராங்கனை. படத்தின் பாடல் ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதே இயக்குநர் அதே கதையை 2010-இல் மீண்டும் படமாக்கினார். முப்பது ஆண்டுகள் கழித்தும் ஒரு கதை கேட்கப்படுகிறது என்றால் மக்களின் விருப்பம் அதன்பால் நிலைத்திருந்தது என்பது வெளிப்படை. ஆயினும் இத்தகைய படங்களைப் பற்றி நம்மவரிடையே பேச்செழும்போதெல்லாம் ஒரு சாரார், 'மனத்தை உருக்கிவிட்டது, இதற்குமேல் என்ன வேண்டும்?' என்பர்; மற்றொரு சாரார், 'இது கண்ணீரைப் பிழிந்தெடுக்கச் செய்த தந்திரம், இதில் கலை எங்கே இருக்கிறது?' என்பர். முதற்சாராரை அறியாமையுடையவர் என்று தள்ளுவது எனக்கு ஒப்பாது. அழத் தெரிந்த நெஞ்சம் பெரும்பேறு. இரண்டாம் சாராரை ஈரமற்றவர் என்று ஒதுக்குவதும் தவறு. இவ்விருவருமே அந்த மலர்க் காட்சியில் உள்ள ஓர் உண்மையைக் கவனிக்கவில்லை என்பதே என் எண்ணம். அவளைத் தடுக்கி வீழ்த்தியது எதிரியின் சூழ்ச்சியன்று, விதியின் கொடுமையன்று; அவளை மனமாரப் போற்றிய சபையின் மலர்கள். ஒருவரைப் போற்ற முற்படுமுன் அவரை அறிந்திருக்கவேண்டும் என்னும் கடமையை அக்காட்சி, அதை எடுத்தவர்கள் கருதினார்களோ இல்லையோ, நமக்கு உணர்த்திவிடுகிறது.

இதை ஆராய்வதற்கு நமக்கு வெளியூர்ச் சாஸ்திரங்கள் தேவையில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தெந்த நிலைக்களனில் பிறக்கும் என்பதை நந்நான்காக வகுத்துக் காட்டுகிறார். அழுகை என்னும் மெய்ப்பாடு இழிவுபடுத்தப்படுவதாலும், உற்றாரையோ உடைமையையோ இழப்பதாலும், முன்னை நிலை கெட்டு வேறொரு நிலைக்கு வந்து வருந்துவதாலும், வறுமையாலும் தோன்றும் என்பது அவர் கொள்கை. மூன்றாவதாகச் சொன்ன அந்த நிலைமாற்றத்துக்கு அவர் இட்ட பெயர் அசைவு. நேற்றுப் பறந்தவள் இன்று சுவரைத் தடவி நடக்கிறாள் என்பதைக் காணும்போது நம் கண்ணில் நீர் வருவது இவ்வசைவினால்தான். அது இயற்கை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதே இயலில் பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டுக்கு அவர் கூறும் நிலைக்களன்கள் கல்வி, தறுகண்மை, புகழ், கொடை என்னும் நான்கு. பெருமிதத்துக்குக் கல்வியை முதலில் வைத்த அந்தப் பேராசானின் நுட்பத்தை எண்ணி எண்ணி வியக்கிறேன். கண் இழந்த பெண் களத்தைக் காலால் கற்பதும், கால் இழந்த பெண் மரக்காலுக்குத் தாளம் கற்பிப்பதும் கல்வியேயன்றி வேறென்ன? ஆகவே இவ்வகைக் கதை அழுகையில் தொடங்கிப் பெருமிதத்தில் முடியவேண்டிய கதை. நம் ரசிகர்களுள் பெரும்பாலோர் அழுகையிலேயே தங்கிவிடுகிறார்கள். கதை பெருமிதத்துக்கு ஏறிய பிறகும் அவர்கள் கண்ணீர் பழைய அசைவுக்காகவே வழிந்துகொண்டிருக்கிறது. படம் எடுப்பவர்களும் இதை அறிந்து, விழுவதற்கு அரை மணி நேரம், எழுவதற்கு ஒரு பாட்டு என்று கணக்கிட்டு விடுகிறார்கள்.

நமக்கு மிக நெருங்கிய உதாரணத்துக்கு வருகிறேன். 1981-ஆம் ஆண்டு மே மாதத்தில் திருச்சிராப்பள்ளிக்கு அருகே நிகழ்ந்த பேருந்து விபத்தில், பரதம் பயின்றுவந்த சுதா சந்திரன் என்னும் இளம்பெண்ணின் காலில் காயம் ஏற்பட்டு, அது அழுகத் தொடங்கியதால் வலக்காலை நீக்க வேண்டியதாயிற்று. பதின்பருவத்தைத் தாண்டாத அந்தப் பெண் பின்னர் 'ஜெய்ப்பூர் கால்' என்று வழங்கும் செயற்கைக்காலைப் பெற்றார். ராஜஸ்தானத்தில் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தி என்னும் அறுவை மருத்துவரும் 1960-களின் இறுதியில் கூடி உருவாக்கியது அது. மேனாட்டுச் செயற்கைக்கால்கள் பூட்ஸ் அணிந்து நாற்காலியில் அமரும் மக்களுக்காகச் செய்யப்பட்டவை. வெறுங்காலால் வயலில் இறங்கவும், தரையில் சம்மணமிடவும், குந்தி உட்காரவும் வேண்டிய நம் மக்களுக்கு அவை பயன்படா என்பதைக் கண்டு, ரப்பரையும் மரத்தையும் கொண்டு, கணுக்கால் வளைந்து கொடுக்கும்படி இதை அமைத்தார்கள். சேத்திக்கு 1981-இல் ரமோன் மக்சேசே விருது வழங்கப்பட்டது. அந்தக் கால் நடப்பதற்கென்று செய்யப்பட்டதேயன்றி, அரைமண்டியில் அமர்ந்து தரையை அறைந்து தட்டடவு ஆடுவதற்கென்று செய்யப்பட்டதன்று. ஆடினால் வெட்டுண்ட இடம் உராய்ந்து குருதி கசியும். அந்த வேதனையோடுதான் அவர் பயின்றார்; 1984-இல் மும்பையில் மீண்டும் மேடையேறினார்.

இவ்வரலாற்றைச் சிங்கீதம் சீனிவாச ராவ் 1985-இல் 'மயூரி' என்னும் தெலுங்குப் படமாக்கினார். ராமோஜி ராவ் தயாரித்து, எஸ்.பி. பாலசுப்ரமணியம் இசையமைத்த அப்படத்தில் சுதா சந்திரனே தம் கதையைத் தாமே நடித்தார். தமிழிலும் அது மொழிமாற்றம் பெற்று வந்தது, மறு ஆண்டில் இந்தியிலும் எடுக்கப்பட்டது. 33-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருது அவருக்குக் கிடைத்தது. வீடியோ கசெட் வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடும் அண்டை வீட்டாரோடும் படம் பார்த்த அந்நாட்களை இவ்வவையில் உள்ள மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். படத்தில் கால் போனதும் காதலன் கைவிடும் பகுதியில் உருகியவர்கள் பலர். ஆனால் இறுதி நடனத்தில், ஆடுவது அந்தக் கால்தான், அந்தப் பெண்தான் என்று அறிந்து பார்க்கும்போது மண்டபத்தில் உண்டாகும் மௌனம் வேறு ஜாதி மௌனம். அங்கே நடிப்பு முடிந்து பிரத்தியட்சம் தொடங்கிவிடுகிறது. திரைக்கதையின் மிகைகளையும் வசனத்தின் பலவீனங்களையும் அந்தக் கால் மன்னித்து விடுகிறது. இங்கே நேர்மையான ரசிகன் இரண்டு அபிப்பிராயங்களை ஒருசேர வைத்துக்கொள்ளத் துணிய வேண்டும்: படம் பல இடங்களில் சாதாரணமானது, அதில் ஆடுகிற கலை அசாதாரணமானது. ஒன்றைச் சொன்னால் மற்றொன்றுக்குத் துரோகம் என்று நினைத்து வாய்மூடிக்கொள்வதால், படத்துக்கும் நன்மையில்லை, அம்மையாருக்கும் மரியாதையில்லை.

சிங்கீதம் அவர்கள் இதற்கு நான்காண்டுகளுக்கு முன் தமிழில் 'ராஜபார்வை' எடுத்தவர் என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும். கமல்ஹாசனின் நூறாவது படமாகிய அதில் கதாநாயகன் பார்வையற்ற வயலின் கலைஞன். அவனுக்குப் பார்வை வரவில்லை. வரவேண்டும் என்று கதையும் விரும்பவில்லை. 1981-இல் அப்படத்துக்கு வசூல் வெற்றி வாய்க்கவில்லை. மதிப்பு காலந்தாழ்ந்தே வந்தது. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்னே 1959-இல் வந்து பெருவெற்றி பெற்ற 'பாகப்பிரிவினை'யில், சிறுவயதில் மின்சாரம் தாக்கிக் கையும் காலும் முடங்கிய கண்ணையன் இறுதியில் மறுபடி மின்சாரம் தாக்கியே குணமடைகிறான். சிவாஜி கணேசனின் நடிப்பு அதில் எத்துணை உயர்ந்தது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை. எனினும், நல்லவனுக்குப் பரிசாக உடம்பு சீராகிறது என்ற அந்த முடிவு, சீராகாத உடம்போடு சபையில் அமர்ந்து பார்த்தவருக்கு என்ன சொல்லியிருக்கும் என்று கேட்காமல் இருக்க இயலவில்லை. 2007-இல் ராதாமோகன் இயக்கிய 'மொழி'யில் காது கேளாத, வாய் பேசாத அர்ச்சனா இறுதிவரை அவ்வாறே இருந்து, அவ்வாறே காதலிக்கப்படுகிறாள். அரை நூற்றாண்டில் தமிழ் ரசிகர் சபை நடந்துவந்த தூரம் இது. அதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

காதல் இக்கதைகளில் எதற்காக வருகிறது என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் மரபில் ஒருவருக்கொருவர் உறுப்பாக நின்ற இருவரை நாம் அறிவோம். கண் இல்லாதவர் தோளில் கால் இல்லாதவர் அமர்ந்து ஊரூராகச் சென்று பாடிய இரட்டைப் புலவர்கள். அவர்களுள் யார் யாருக்கு உபகாரி என்று எவரும் கேட்டதில்லை. வெண்பாவின் முற்பாதியை ஒருவரும் பிற்பாதியை மற்றொருவரும் பாடினார்கள் என்பதே பேச்சு. திரைக்காதலில் இந்தச் சமத்துவத்தை அரிதாகவே காண்கிறோம். 'ஐஸ் காசில்ஸ்' படத்து நிக் அவளை அதட்டுகிறான், கடிந்துகொள்கிறான், விழுந்தால் எழு என்கிறான்; இவன் கல்நெஞ்சன் என்று சிலர் குறைப்படுவதுண்டு. எனக்கு அவனைப் பிடிக்கிறது. அவன் அவளைப் பரிதாபத்துக்குரிய பொருளாக வைத்துப் போற்றாமல், தன்னைப் போல் ஆட்டக்களத்தில் வாழும் ஒருத்தியாக மதித்துச் சண்டையிடுகிறான். அனுதாபத்தால் மட்டும் காதலிக்கப்படுவதைவிடத் தனியே இருப்பது ஒரு வீராங்கனைக்கு மேன்மை.

இவ்வளவும் சொன்ன பின் இவ்வகைப் படங்களின் மூலக்குறை என்று எனக்குப் படுவதைச் சொல்லிவிட வேண்டும். பார்வையில்லை என்பதைச் சபை கண்டுபிடிக்காதபடி ஆடுவதே லெக்ஸியின் வெற்றி. கால் மரக்கால் என்று தெரியாதபடி ஆடியதையே 'மயூரி'யைக் கண்ட பலர் உச்சப் பாராட்டாகச் சொன்னார்கள். குறை மறைந்தால்தான் வெற்றி என்ற இந்த எண்ணம் நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. இதற்கு மறுதலையான ஒரு நிகழ்ச்சி நமது பினாங்கிலேயே நடந்திருக்கிறது. நம்மில் பலர் அறியமாட்டோம். 1954-இல் காது கேளாத குழந்தைகளுக்காகக் கூட்டரசுப் பள்ளி இத்தீவில் தொடங்கப்பட்டது. அக்கால வழக்கப்படி வகுப்பில் உதட்டசைவைப் படித்து வாயால் பேசவே அக்குழந்தைகள் பயிற்றுவிக்கப்பட்டார்கள். கேட்கும் மனிதரைப் போலத் தோன்றுவதே கல்வியின் இலட்சியம் என்று பெரியவர்கள் நம்பினார்கள். குழந்தைகளோ வகுப்பறைக்கு வெளியே, தங்களுக்குள், கைகளால் ஒரு பாஷையையே படைத்துக்கொண்டார்கள். பினாங்குச் சைகைமொழி என்று இன்று மொழியியலார் பெயரிட்டுக் குறிக்கும் மொழி அது. எவரும் கற்பிக்காமல், தம் கையையும் கண்ணையும் நம்பி, தம் நிலையை ஒளிக்காமல் வெளிப்படையாக வைத்துக்கொண்டு ஒரு மொழியைச் செய்த அச்சிறுவர் சிறுமியரைப் பற்றி எந்தப் படமும் எடுக்கப்பட்டதாக நான் அறியேன். எடுத்தால் அதில் அழுவதற்கு இடம் குறைவாகவும் வியப்பதற்கு இடம் நிறையவும் இருக்கும்.

விளையாட்டுக் களத்துக்கு வருவோம். 1948 ஜூலை 29-ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் போரில் முதுகுத்தண்டு அடிபட்ட பதினாறு பேருக்கு அம்பெய்யும் போட்டி நடத்தினார். அவருக்கு அது சிகிச்சையின் ஒரு பகுதி. பன்னிரண்டு ஆண்டுகளில், 1960-இல், ரோமாபுரியில் அது பாராலிம்பிக் என்னும் உலகப் போட்டியாயிற்று. சிகிச்சை போட்டியாக மாறியதும் நோயாளி வீரராக மாறினார். நம் ரசிகரோ இன்னும் சிகிச்சையைப் பார்க்கவே வருகிறார்.

2016 செப்டம்பரில் ரியோ பாராலிம்பிக்கில் நம் மலேசிய வீரர்களான முகமது ரிட்ஸுவான் புசி 100 மீட்டர் ஓட்டத்திலும், முகமது ஸியாட் ஸொல்கெஃப்லி குண்டெறிதலிலும், அப்துல் லத்திஃப் ரொம்லி நீளந்தாண்டுதலிலும் தங்கம் வென்றார்கள். ஒலிம்பிக்கில் இதுவரை தங்கம் காணாத இந்நாட்டுக்குப் பாராலிம்பிக்கில் முதன்முதலாகத் தேசியகீதமான 'நெகாராகூ' ஒலிக்கச் செய்தவர்கள் இம்மூவர். ஒலிம்பிக் தங்கத்துக்கென்று வகுத்திருந்த பத்து லட்சம் ரிங்கிட்டையே அரசு இவர்களுக்கும் வழங்கியது. அந்தச் சமத்துவத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்டு 31, நமது சுதந்திர தினத்தன்று தோக்கியோவில் ஸியாட் 17.94 மீட்டர் எறிந்து உலக சாதனை படைத்தார். ஆனால் அழைப்பு அறைக்கு மூன்று நிமிடம் பிந்தி வந்தார் என்ற காரணத்தால் அவ்வெறிதல் செல்லாது என்று முடிவாயிற்று; தங்கம் உக்ரேன் நாட்டு வீரருக்குப் போயிற்று. அறிவிப்பு விளங்கவில்லை என்பது நம் தரப்பின் வாதம். நாடு முழுவதும் கொதித்தது. அக்கொதிப்பில் அந்நிய வீரர்மேல் சொல்லத்தகாத சொற்கள் சொல்லப்பட்டது நமக்கு இழுக்கு. ஆயினும் அந்நாளில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்ததைக் கண்டேன். விதி சரியா, மூன்று நிமிடத்துக்கு இவ்வளவு தண்டனையா, அதிகாரிகள் எங்கே போனார்கள் என்று காப்பிக்கடையில் மக்கள் வாதிட்டார்கள். எவரும் 'ஐயோ பாவம், குறையுள்ள பிள்ளை' என்று அழவில்லை. கால்பந்தில் கடைசி நிமிடப் பெனால்டிக்கு எப்படிச் சண்டையிடுவார்களோ அப்படிச் சண்டையிட்டார்கள். ஒரு விளையாட்டு வீரருக்கு ரசிகர்கள் தரக்கூடிய மரியாதை அதுதான்: அவருடைய ஆட்டத்தைப் பற்றி அபிப்பிராயம் கொள்வது, அதற்காக வாதிடுவது, தேவையானால் அவர் தவறினார் என்று சொல்லவும் துணிவது. கண்ணீர் விடுகிறவர் இத்தனைக்கும் மேலாக ஒன்றைச் செய்துவிட்டதாக எண்ணுகிறார்; உண்மையில் அவர் அபிப்பிராயம் கொள்ளும் பொறுப்பினின்று தம்மை விடுவித்துக்கொள்கிறார்.

கண்ணீர் எங்கே நின்றுவிடுகிறது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள். சில ஆண்டுகளுக்கு முன், ஆசியான் பாரா விளையாட்டுகளில் நமக்காகத் தங்கப் பதக்கங்கள் வென்ற முன்னாள் நீச்சல் வீராங்கனை ஒருவர், கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் டிஷ்யூ தாள் விற்றுக்கொண்டிருந்த செய்தி வெளிவந்தது. 2021 அக்டோபரில் சுதா சந்திரன், விமான நிலையச் சோதனையில் ஒவ்வொரு முறையும் செயற்கைக்காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று இந்தியப் பிரதமருக்குப் பகிரங்கமாக முறையிட வேண்டியிருந்தது. பாதுகாப்புப் படை அதற்கு வருத்தம் தெரிவித்தது. தேசமே பார்த்து அழுத அதே கால்! படம் வந்து முப்பத்தாறு ஆண்டுகளான பின்னும் அந்தக் காலுக்கு ஒரு வாயிலை மரியாதையோடு கடந்து செல்லும் வழி பிறக்கவில்லை.

நம் ஊரிலும் இதே நிலைதான். 2008-இல் இந்நாட்டில் உடற்குறையுடையோர் சட்டம் வந்தது. அதே ஆண்டில் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமாயிற்று. பாரம்பரியத்தின் சிறப்பாக நாம் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் அஞ்சடி என்னும் கடைமுன் நடைபாதைகளில் சக்கர நாற்காலியில் ஒருவர் பத்துக் கடை தூரம் போக முடியுமா என்று லெபோ பாசார் பக்கம் ஒரு மாலை நின்று பாருங்கள். கடைக்குக் கடை தரை உயர்ந்தும் தாழ்ந்தும் இருக்கும், இடையிலே படி, படி இல்லாத இடத்தில் மோட்டார் சைக்கிள், அதுவும் இல்லாத இடத்தில் சரக்குப் பெட்டி. உடற்குறையுடையோருக்கான ஓகேயு அட்டை வைத்திருக்கும் மனிதர் கார்களுக்கு நடுவே சாலையில் இறங்கிப் போகிறார். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடப்பதற்காக முன்னோர் கட்டளையிட்டு விட்ட ஐந்தடியை அடைத்து வைத்திருக்கும் நாம்தான், சினிமாவில் ஒருவர் தடைகளைத் தாண்டுவதைப் பார்த்து அழுகிறோம். அந்தக் காட்சியைப் பார்த்தவர் தம் கடை வாசலை ஒழித்துக் கொடுத்தால், அவர் அபிப்பிராயம் எத்தகையது என்று நான் கேட்கவே மாட்டேன்.

முடிவாக, எடுக்கப்படாத ஒரு படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி வலக்கால் முழங்காலுக்குக் கீழே சிதைந்தவர். செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் வளர்த்தவர் தாயார். உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் கண்டு ஊக்கியதால் உயரந்தாண்டுதலுக்கு வந்தார். ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பரிசுப் பணத்தில் முப்பது லட்ச ரூபாயைத் தாம் படித்த பள்ளிக்கு அளித்தார். 2017 புத்தாண்டன்று ஐஸ்வர்யா தனுஷ் இயக்கத்தில் அவர் வாழ்க்கை படமாக அறிவிக்கப்பட்டு, முதல் பார்வைச் சித்திரமும் வெளியாயிற்று. படம் திரைக்கு வரக் காணோம். வந்திருந்தால் அது எங்கே முடிந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்: தாயின் கண்ணீர், ரியோவின் கொடி, தங்கம்.

ஆனால் அவர் வாழ்க்கை அங்கே முடியவில்லை. தோக்கியோவில், ஸியாட் குண்டெறிந்த அதே நாளில், அதே அரங்கில், மழை பெய்தது. குறையுள்ள காலில் அணிந்திருந்த காலுறை நனைந்து கனத்ததால் ஊன்றித் தாவ இயலவில்லை என்று பின்னர் அவர் சொன்னார். 1.86 மீட்டர், வெள்ளி, 1.88 தாண்டிய அமெரிக்க வீரர் சாம் குரூவுக்குத் தங்கம். 2024-இல் பாரிசில் 1.85 மீட்டர், வெண்கலம். தங்கம் வென்ற அமெரிக்க இளைஞர் எஸ்ரா ஃபிரெச் தாண்டியது 1.94. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று இறங்கிவரும் இவ்வரிசையைச் சினிமாக் கண் தோல்வி என்றே எழுதும். விளையாட்டறிந்த கண்ணுக்கு அது வேறாகத் தெரியும். எட்டு ஆண்டுகளில் ஒரு மனிதர் தம் உச்சத்திலிருந்து நான்கு சென்டிமீட்டர் மட்டுமே இறங்கியிருக்கிறார். அதற்குள் உலகின் தரம் ஐந்து சென்டிமீட்டர் ஏறிவிட்டது. எதிரே செயற்கைக்கால் பூட்டிப் பாய்பவர்களும், அவரைப் போல் அது இல்லாமல் தாவுபவர்களும் ஒரே குறுக்குக்கோலை எதிர்கொள்ளும் பந்தயம் அது. அதில் மூன்று பாராலிம்பிக்கிலும் மேடையை விட்டு இறங்காமல் நின்றிருக்கிறார்.

அதே பாரிசில் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் பாட்மிண்டனில் வெள்ளியும், மனிஷா ராமதாஸ் வெண்கலமும், உயரம் குறைந்தோர் பிரிவில் ஓசூர் நித்யஸ்ரீ சிவன் வெண்கலமும் வென்றார்கள். நம் பிள்ளைகள் சுங்கை நிபோங்கிலும் பட்டர்வொர்த்திலும் நாள்தோறும் ஆடும் ஆட்டம் அது. கை ஒன்று முடங்கியவர் சர்வீஸ் போடும்போது பந்தை எப்படிப் பிடிக்கிறார், உடலின் நிறை எந்தப் பக்கம் சாய்கிறது, அதை எதிராளி எவ்வாறு பயன்படுத்திக்கொள்கிறார் என்பதை நம் இளைஞர்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். அவர்களைப் பேசவிட வேண்டும். நம் தமிழ்ப் பத்திரிகைகள் இவ்வீரர்களை 'தன்னம்பிக்கை' பக்கத்திலிருந்து எடுத்து விளையாட்டுப் பக்கத்தில் வைத்து, புள்ளிகளோடும் உயரங்களோடும் பிரிவுகளின் விளக்கத்தோடும் எழுத வேண்டும். தமிழ்ப்பள்ளி விளையாட்டு விழாக்களில் இப்பிரிவுகளுக்கும் ஓர் ஓட்டமும் ஒரு தாண்டுதலும் முறையான அளவோடும் முறையான நடுவரோடும் நடத்தப்பட வேண்டும். மாரியப்பன் படத்தை என்றேனும் யாரேனும் எடுக்க முற்பட்டால், ரியோவில் நிறுத்தாமல் மழை பெய்த தோக்கியோவையும் 1.85-இல் நின்ற பாரிசையும் சேர்த்தே எடுக்குமாறு இவ்வவையின் வாயிலாக வேண்டிக்கொள்கிறேன்.